மனைவியின் குரு வீட்டில் ஓர் இரவு: கூடப் போகிறவருக்கான முழுமையான வழிகாட்டி

என் மனைவிக்கு வீணை சொல்லிக்கொடுத்த சார் திருவையாற்றில் இருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் எந்த வேலையாகப் போனாலும் ஓர் இரவு அவர் வீட்டில் தங்காமல் திரும்ப முடியாது. சங்கீதத்தில் எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். அப்படிப்பட்ட ஒருவர், துணையின் பழைய குரு வீட்டில் யாருக்கும் பாரமில்லாமல் ஓர் இரவைக் கழிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரின் மிருதங்க வாத்தியார், மனைவியின் ஆராய்ச்சி கைடு, பழைய கோச், தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி என்று யாராக இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

அந்த இரவு குருவுக்கும் சிஷ்யைக்கும் உரியது. மூன்றாவது ஆளான உங்களுக்கு இரண்டே வேலை: அவர்கள் இருவருக்கும் நேரம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது, அந்த வீட்டு அம்மாவின் முதுகில் கூடுதல் வேலையை ஏற்றாமல் இருப்பது. கீழே வருகிற படிகளெல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும்.

படி 1: பழைய கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்

ரயிலில் ஏறுவதற்கு முன்பே துணையிடம் கேட்டுவிட வேண்டிய விஷயங்கள் உண்டு. எப்படிப் பிரிந்தார்கள்? நம் கல்யாணத்துக்கு அவர் வந்தாரா, பத்திரிகையாவது நேரில் போயிற்றா, தபாலில் போயிற்றா? இடையில் ஏதாவது மனத்தாங்கல் உண்டா? அவரிடம் கற்றுக்கொண்டு பின்பு வேறு வாத்தியாரிடம் போன சிஷ்யர்கள் யார் யார்? அந்தப் பெயர்களை உங்கள் வாயால் சொல்லிவிடக் கூடாது. "போன மாசம் டிசம்பர் சீசன்ல இன்னார் கச்சேரி கேட்டோம் சார், பிரமாதம்" என்று சாதாரணமாக ஆரம்பித்து, அந்த இன்னார் பத்து வருஷமாக இந்த வாசற்படி மிதிக்காதவர் என்று தெரியவந்தால், அப்புறம் அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று: இப்போதும் உங்கள் துணை சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, செய்கிறாரா? ஏனென்றால் குரு அதைத்தான் முதலில் கேட்பார். வீணைக்காரர்களிடம் இதில் பொய் சொல்லவும் முடியாது. தந்தியை அழுத்தி அழுத்தி இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் காய்ப்பு ஏறியிருக்கும். வாசிப்பு நின்றால் சில மாதங்களில் தோல் மிருதுவாகிவிடும். "கையைக் காட்டு" என்றாலே போதும், கணக்கு வழக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் நீங்கள் நடுவில் புகுந்து, "எங்க சார், ஆபீஸ், குழந்தை, நேரமே இல்ல" என்று பதில் சொல்லாதீர்கள். கேள்வி உங்களுக்கு வந்ததல்ல. உங்களுக்கென்று ஒரு கேள்வி பின்னால் வரும்: "நீங்க இவளை வாசிக்க விடறேளா?" சிரித்துக்கொண்டே கேட்பார். ஆனால் கல்யாணமானதும் வீணை பரணுக்குப் போன சிஷ்யைகள் பலரைப் பார்த்தவர் அவர். இதற்கு உள்ளது உள்ளபடி பதில் சொல்லுங்கள். வீட்டில் வீணை எங்கே இருக்கிறது, எப்போது எடுக்கிறாள் என்று சொன்னால் போதும். "நான் எதுக்கும் தடையே சொல்றதில்ல சார்" என்கிற பெருமைப் பேச்சு வேண்டாம். அந்த வசனத்தை அவர் நிறையக் கேட்டிருப்பார்.

படி 2: அழைப்பு உண்மையானதா என்று பாருங்கள்

போன் பேசுவது துணையாகத்தான் இருக்க வேண்டும். பேச்சை இப்படி ஆரம்பிப்பது நல்லது: "சார், அடுத்த மாசம் தஞ்சாவூர் வர்றோம். ரூம் போட்டிருக்கோம். சாயந்தரம் வந்து உங்களையும் மாமியையும் பாக்கலாமா?" நிச்சயமாக, "ரூமா? வீடு எதுக்கு இருக்கு?" என்பார். இதை அழைப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரியாதைக்கு யாரும் சொல்வதுதான்.

அடுத்து மாமியிடம், அதாவது குருவின் மனைவியிடம், போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுபது, எண்பது வயதில் விருந்தாளி வந்தால் சமைப்பவர் அவர். பாய் தேடுபவரும் அவர்தான். "தாராளமா வாங்கோ, ராத்திரிக்கு அடை பண்ணிடறேன், உங்காத்துக்காரர் சாப்பிடுவாரோன்னோ?" என்று பட்சணம் வரை பேச்சு போனால் தங்கலாம். "வாங்கோ... முழங்கால் வலி, வேலைக்காரி வேற ஊருக்குப் போயிருக்கா" என்று இழுத்தால் ரூம்தான். அதை வருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் போய் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். எப்படியிருந்தாலும் தஞ்சாவூரில் ரத்து செய்யக்கூடிய ரூம் ஒன்று கையில் இருக்கட்டும். போன பிறகு அங்கே யாருக்காவது காய்ச்சல் என்று தெரிந்தால், திண்டாட வேண்டாம்.

ஓர் இரவுதான். இரண்டாவது இரவு அவர்களே கெஞ்சினாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

உங்களில் ஒருவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரா? அப்படியென்றால் ஹோட்டல்களைப் போலவே தனி வீட்டில் தங்கவைப்பவரும் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். எண்பது வயதுக்காரரின் தலையில் இதைப் போடாமல், கூட உட்கார்ந்து நீங்களே செய்து கொடுங்கள். அது சிரமம் என்று பட்டால், அதுவே ரூம் போடப் போதுமான காரணம்.

படி 3: நாளும் நேரமும்

காலண்டரைப் புரட்டுங்கள். அமாவாசையன்று தர்ப்பணம் இருக்கும் வீடுகளில் காலை முழுக்க அந்த வேலை ஓடும். ஏகாதசி விரதம் இருப்பவர்களாக இருந்தால் நமக்காகத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டிவரும். பிரதோஷத்தன்று மாலை ஐயாறப்பர் கோவிலுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் திவசம் எப்போது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் நாள் தள்ளி வையுங்கள்.

தை மாதத்துக் கூட்டத்தையும் கவனிக்க வேண்டும். கர்நாடக இசை மேதை தியாகராஜர் 1847 ஜனவரியில் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமித் திதியை ஒட்டி ஆராதனை நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்ன கிருதிகளை வித்வான்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவதைக் கேட்க ஊரே நிரம்பும். அந்த வாரம் எந்தச் சங்கீத வித்வான் வீட்டிலும் கூடம் முழுக்க சிஷ்யர்களின் பாய்தான். கேட்பதற்குப் போங்கள், அந்த வீட்டில் தங்காதீர்கள். குருவோடு தனியாகப் பத்து நிமிஷம்கூட உங்கள் மனைவிக்குக் கிடைக்காது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் பொதுவாக இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்குவார்கள். ஊர் சுற்ற அது சரி, குரு வீட்டுக்குச் சரியில்லை. குளிக்காத உடம்போடு, வீட்டுக்காரர்கள் பூஜை முடிக்கும் முன் போய் நிற்பது யாருக்கும் வசதியாக இருக்காது. எழும்பூரில் காலையில் கிளம்பும் சோழன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் தஞ்சாவூர் வரும். அங்கிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். பெரியவர்கள் மதியம் கண்ணயர்ந்து எழுந்து காபிக்கு உட்காரும் நான்கு மணி வாக்கில் போய்ச் சேரலாம். ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்பு திறக்கும். வெள்ளிக்கிழமை ரயில் என்றால் அன்றே போட்டுவிடுங்கள். ராகுகாலம் பார்க்கிற வீடாக இருந்தால், செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6 என்பது நினைவிருக்கட்டும். நமக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு கதை. வாசலில் நம்மைப் பார்த்ததும் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாமே.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று இன்னும் நினைக்கிற வீடுகள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஓர் இரவுத் தங்கலில் அந்தப் பெரியவர்களைத் திருத்தப் போவதில்லை, மறைத்துவிட்டுப் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பதும் கொடுமை. அந்த நாளில் ரூமில் தங்குவதா, சொல்லாமல் இருப்பதா, பயணத்தையே தள்ளிப்போடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மனைவி மட்டுமே. கணவன் அதற்கு ஏற்றபடி டிக்கெட்டை மாற்றிக்கொடுத்தால் போதும்.

படி 4: கையில் என்ன கொண்டுபோவது

திருவையாற்றுக்கு அசோகா வாங்கிப் போகாதீர்கள். பாசிப்பருப்பில் செய்யும் அந்த இனிப்புக்குப் பேர்போன ஊரே அதுதான். டெல்டா வீடுகளுக்குக் காபித்தூளும் வேண்டாம். அவரவருக்கென்று ஒரு கடை, ஒரு விகிதம் இருக்கும். நீங்கள் கொண்டுபோனது அலமாரியின் பின்வரிசைக்குப் போகும். சர்க்கரை வியாதி உண்டா என்று தெரியாமல் ஸ்வீட் பெட்டி எதுவுமே வேண்டாம்.

தட்டு அவசியம்: வெற்றிலை, பாக்கு, பழம், பூ, சாருக்கு வேட்டியும் அங்கவஸ்திரமும், மாமிக்குப் புடவை அல்லது ரவிக்கைத்துணி. தட்சிணை 501, 1001 என்று ஒன்றில் முடியட்டும். இதெல்லாம் கிளம்பும்போது கொடுக்க வேண்டியது, வந்தவுடன் அல்ல. வந்தவுடன் கையில் பழம் மட்டும் போதும். இவை தவிர, "சென்னைலேர்ந்து ஏதாவது வேணுமா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். வீணைத் தந்தி, காதில் வைக்கும் கருவிக்குப் பாட்டரி, உள்ளூரில் கிடைக்காத மாத்திரை என்று ஏதாவது வரும். அவர்களுக்கு உண்மையில் உதவுகிற பரிசு அதுதான்.

உங்கள் பையில் போர்வை, துண்டு, டார்ச், கொசுவுக்கு ஏதாவது ஒன்று. காவிரிக் கரைக் கொசுவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

படி 5: வாசலில்

செருப்பை விட்டு, கால் கழுவி உள்ளே போங்கள். மனைவி எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே நீங்களும்: சார் என்றால் சார், டீச்சர் என்றால் டீச்சர், ஐயா என்றால் ஐயா. மாமா என்று உரிமை எடுத்துக்கொள்வதை அவர்களே தொடங்கட்டும். நமஸ்காரம் பண்ணும் வழக்கம் உள்ளவர்கள் தம்பதியாகச் சேர்ந்து பண்ணலாம். வழக்கமில்லாதவர், வேறு மதத்தவர், கைகூப்பினாலே நிறைவு. பழக்கமில்லாததை நடித்தால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

பையை வீணை பக்கத்தில் வைக்காதீர்கள். வீணையைத் தாண்டாதீர்கள், எவ்வளவு அவசரமென்றாலும் சுற்றித்தான் போக வேண்டும். தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். தந்திகளுக்கு அடியில் குறுக்கே இருக்கும் அந்த 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரி கலந்து பதித்தவை. ஒரு மெட்டு நகர்ந்தால் சுருதி போய்விடும். மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சரியான இடத்தில் பதிக்க, ஆள் தேடி அலைய வேண்டும். ஊஞ்சல் காலியாக இருந்தாலும், உட்காரச் சொன்ன பிறகே உட்காருங்கள்.

படி 6: அடுக்களைப் பொறி

இந்தப் படியில்தான் பெரும்பாலான பயணங்கள் கெட்டுப்போகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. காபி முடிந்ததும் மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். மாமி பேச்சுக்கொடுப்பார். பேச்சோடு காய் நறுக்குவதும் நடக்கும். கூடத்தில் குருவும் நீங்களும் நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருப்பீர்கள். அவர் உங்கள் வேலை, சொந்த ஊர், சம்பளம் வரை விசாரிப்பார். மாப்பிள்ளை மரியாதை பிரமாதமாக நடக்கும். கற்றுக்கொண்டவள் உள்ளே, சங்கீதம் தெரியாதவன் வெளியே! மணி ஏழாகிவிடும், டிபன், அப்புறம் தூக்கம். குருவோடு அவள் மொத்தமாகப் பேசியது வாசலில் கேட்ட "சௌக்கியமா?" மட்டும்.

இதை உடைக்க வேண்டியவர் நீங்கள். எழுந்து உள்ளே போய், "மாமி, நான் ஏதாவது பண்றேனே" என்று சொல்லுங்கள். "ஐயோ, நீங்களா!" என்று பதறுவார். அடுப்படிக்குள் நுழைவது சில வீடுகளில் பிடிக்காது, அதனால் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வேலை வாழைப்பூ ஆய்வது. ஒவ்வொரு பூவிலும் நடுவில் விறைத்து நிற்கும் கள்ளனையும் அடியில் ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ளி எடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், தப்பாகப் போகாது, நடுவில் யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை பிடிக்கும். ஆய்ந்ததை மோர்த்தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். அந்த நேரம் முழுக்க மாமியோடு பேசலாம். அவரிடம் கேட்கவும் நிறைய இருக்கும். குருகுலமாக இருந்த வீட்டில் எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதற்குள் மனைவி கூடத்துக்குப் போயிருப்பாள்.

கற்றுக்கொண்டவர் கணவர், கூட வந்தவர் மனைவி என்றால் கதை வேறு மாதிரி. அப்போது உங்களைச் சமையலறைக்குள் இழுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் உதவுவது சரி. ராத்திரி முழுக்கப் பாத்திரம் தேய்க்க வந்தவரில்லை நீங்கள். "சார் வாசிக்கிறதை நானும் கேக்கணும் மாமி, நீங்களும் வாங்கோ" என்று அவரையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடலாம்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரும் காபியும் தூக்கிக் குடியுங்கள். வெங்காயம், பூண்டு இல்லையென்றால் கேட்காதீர்கள். பாதி வயிறு நிரம்பும்போதே "போதும்" என்று ஆரம்பித்தால் சரியான அளவில் நிற்கும். தட்டு எங்கே போட வேண்டும் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: வீணை எடுக்கும் நேரம்

விளக்கேற்றிய பிறகு, "எங்கே, ஒரு வர்ணம் வாசி பார்ப்போம்" என்பார். அவர் வீட்டு வீணையில்தான். மனைவியின் முகம் வெளுக்கும். போனை அணைத்துவிட்டு, இருவருக்கும் நேர் எதிரே இல்லாமல் ஓரமாக உட்காருங்கள்.

தாளம் போடத் தெரியாவிட்டால் தொடையில் தட்டாதீர்கள். ஆதிதாளத்துக்கு எட்டு எண்ணிக்கை என்று தெரிந்தாலும் தட்டாதீர்கள். கை தட்டல், "சூப்பர்" எதுவும் வேண்டாம். அவர் நிறுத்துவார். "காந்தாரம் அதுவா? மறுபடியும்" என்பார். பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவளைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணைப்போல் திட்டுவார். உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். பரிந்து பேசாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். கேட்டுப் பாருங்கள், இதற்காகத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருப்பாள். "ரொம்ப நன்னா இருக்கு" என்று அவர் உபசாரமாகச் சொல்லி முடித்திருந்தால்தான் ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள்.

ரெக்கார்ட் செய்ய வேண்டுமானால் முன்கூட்டி, மனைவி வாயால் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் வேண்டாம். சரியென்றாலும் அது சமூக வலைதளத்தில் போடுவதற்கான சம்மதம் ஆகாது.

கொஞ்ச நேரம் கேட்ட பிறகு எழுந்து, "அப்படியே ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வர்றேன் சார்" என்று கிளம்பிவிடுங்கள். உங்கள் முன்னால் பேச முடியாத விஷயங்கள் அவர்களுக்கு உண்டு. ஏன் கச்சேரி பண்ணவில்லை, அவர் பிள்ளைகள் ஏன் யாரும் கற்றுக்கொள்ளவில்லை, அவருக்கு எதில் வருத்தம் என்று. காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி இருக்கிறது. அதற்குக் கோவில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாத காலத்தில் பெண்களைத் திரட்டிப் பாடவைத்தவர். 1952இல் மறைந்தார், அவருடைய சமாதியும் தியாகராஜரைப் பார்த்தபடி அங்கேயே இருக்கிறது. சாயங்காலத்தில் உட்கார நல்ல இடம். எட்டுக்குள் திரும்பிவிடுங்கள், உங்களுக்காக டிபன் காத்திருக்கும்.

படி 8: படுக்கை

ஒன்பதுக்கு விளக்கு அணையும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே என்று பிரித்துப் போட்டால் பேசாமல் படுங்கள். தங்கள் கட்டிலைக் கொடுக்கப் பார்ப்பார்கள். அதை மட்டும் எப்படியாவது மறுத்துவிடுங்கள். "எனக்குத் தரையில படுத்தாதான் முதுகுக்கு நல்லது" என்கிற பொய்யில் தப்பில்லை. கொல்லைப்புறக் கழிவறையின் சுவிட்ச், தாழ்ப்பாள், தண்ணீர் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவையுங்கள். போனை வைத்துக்கொண்டு பதினோரு மணி வரை வெளிச்சம் காட்டாதீர்கள். பெரியவர்கள் நடுராத்திரி எழுந்து நடப்பார்கள், வழியில் பையோ காலோ இருக்கக் கூடாது.

படி 9: காலையும் கிளம்புதலும்

நாலரைக்கே அசைவு கேட்கும். விழிப்பு வந்தால் எழுந்து பாயைச் சுருட்டி, போர்வையை மடித்து வையுங்கள். காபி குளித்த பிறகா, பல் தேய்த்ததுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். கேட்டுவிடுங்கள். டிபன் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்வார்கள், தஞ்சாவூரில் வேலையை வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

தட்டை இருவருமாக, இரண்டு கையாலும் கொடுங்கள். தட்சிணையை "இதெல்லாம் எதுக்கு" என்று தள்ளுவார். வாதாட வேண்டாம், அதை வெற்றிலைக்கு அடியில் வைத்து, தட்டை ஸ்வாமி முன்னால் வைத்து நமஸ்காரம் பண்ணிவிட்டால் முடிந்தது.

அவரும் ஏதாவது கொடுப்பார். குங்குமம், பழம், சில சமயம் ஸ்வரம் எழுதிய பழைய நோட்டு. நோட்டை வாங்கிக்கொள்ளலாம், பிரதி எடுத்து மூலத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லுங்கள். "இந்த வீணையை எடுத்துண்டு போ, எனக்கப்புறம் யார் வாசிக்கப்போறா" என்று சொன்னால் மட்டும் உடனே கை நீட்டக் கூடாது. அவருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். "உங்க கையில இருக்கற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் சார்" என்று மனைவி சொல்லட்டும். பிள்ளைகளில் ஒருவரோடு பேசி, அவர்களும் சம்மதித்த பிறகு எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

படி 10: ஊருக்கு வந்த பிறகு

வந்து சேர்ந்ததைச் சொல்ல அன்றே போன். மனைவி சாரிடம் பேசட்டும், நீங்கள் மாமியிடம் பேசுங்கள், வாழைப்பூ உசிலியைப் பற்றி. எடுத்த புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாமல் பெரிய அளவில் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்வர நோட்டு வாங்கி வந்திருந்தால் அதையும் அந்தப் பார்சலிலேயே வைத்து, ஸ்பீட் போஸ்டில் போடுங்கள்.